முன்னால் போனவர்கள்

வசந்தாமணிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். குரல் இறங்கிவிடும். கோபிச்செட்டிபாளையத்தில் அவள் கணக்கு டீச்சராக இருந்தபோது அந்தக் குரலைக் கேட்டதும் வகுப்பு கப்சிப் ஆகிவிடுமாம். கல்யாணமாகி நியூஜெர்சியின் எடிசனுக்கு வந்த பிறகு டீச்சர் வேலை போயிற்று. கணவன் நஞ்சுண்டனின் விசாவில் வந்தவள் சம்பளத்துக்குப் போகக்கூடாது என்பது சட்டம். பிடிவாதம் பிடித்து டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கினாள். ஆனாலும் வண்டியை நஞ்சுண்டன்தான் ஓட்டுவான்.

வீட்டைவிட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே சாக்கு, ஞாயிற்றுக்கிழமை நடைக்குழு. அதை நடத்தியவர் கஸ்தூரிரங்கன். மருந்துக் கம்பெனி மேனேஜர். கழுத்தில் விசிலோடு நடப்பவர். 1996 பிப்ரவரியில் அவர், "சம்மர்ல யார் வேணா நடப்பா. ஸ்னோல ஒரு ஹில் ஏறிக் காட்டணும்" என்று அறிவித்தார். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஒரு குன்று. இரண்டு வேன், மூன்று கார்; அதில் ஒன்று நஞ்சுண்டன் ஓட்டி வந்தது. சாப்பாட்டுப் பையை வசந்தாமணி முதுகில் மாட்டிக்கொண்டாள். அத்தனை பேருக்குமான புளியோதரையையும் அவள்தான் விடிவதற்கு முன் எழுந்து கிளறியிருந்தாள்.

பாதி ஏற்றத்தில் விசாலாக்ஷி ஆன்ட்டிக்கு மூச்சு வாங்கியது. மாம்பலத்திலிருந்து மகனுடன் தங்க வந்தவர், அறுபதைத் தாண்டியவர். மகன் அன்று டியூட்டியில் இருந்தான். "அம்மாவைப் பாத்துக்கோங்கோ" என்று கஸ்தூரிரங்கனிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தான். வசந்தாமணி ஆன்ட்டியோடு நின்றாள். முன்னால் போனவர்களின் சிரிப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு வளைவில் பனிக்கு அடியில் இருந்த பாறை வழுக்கியது. ஆன்ட்டி விழுந்தார். எழுந்திருக்க முயன்றவர் அலறிவிட்டார். வசந்தாமணி மேலே பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க! நில்லுங்க!" பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள். மரக்கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்ததுதான் மிச்சம்.

"நீ போய் அவாளை அழைச்சுண்டு வாடீம்மா. நான் இங்கயே ஒக்காந்துண்டிருக்கேன்" என்றார் ஆன்ட்டி. உதடு நீலமாகியிருந்தது.

"உங்கள விட்டுட்டு நா எங்கயும் போகமாட்டனுங்க ஆன்ட்டி."

சாப்பாட்டுப் பையில் தரையில் விரிக்க எடுத்து வந்த பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. அதில் ஆன்ட்டியை உட்கார வைத்து, முனைகளை முறுக்கிப் பிடித்து, தாங்கள் ஏறிவந்த காலடித் தடத்தைப் பார்த்தே கீழே இழுத்தாள். சரிவில் விரிப்பு ஓடப் பார்த்தது. குதிகாலை ஊன்றி நிறுத்தினாள். ஷூவுக்குள் பனி புகுந்து கால் மரத்தது. ஆன்ட்டி வலியில் முனகும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது திரும்பி வருவார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

கார் பார்க்கிங் கண்ணில் பட்டபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. எல்லோரும் அங்கே இருந்தார்கள். உச்சிக்குப் போய், மறுபக்கத்துக் குறுக்குப் பாதையில் இறங்கிவந்து, வேனுக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேன் கதவு திறந்தது. "அப்பாடா, புளியோதரை வந்தாச்சு!" என்றார் கஸ்தூரிரங்கன்.

இழுத்து வந்தது என்ன என்று பார்த்த பிறகுதான் முகம் மாறியது. நஞ்சுண்டன் ஓடிவந்தான். "என்னாச்சு வசந்தா?"

"காலு ஒடஞ்சிருக்குது. கத்தினேன். யாருமே திரும்பிப் பாக்கலீங்க."

"இதோ பாரும்மா, ஒவ்வொருத்தருக்கும் வெயிட் பண்ணினா க்ரூப்பே உச்சிக்குப் போக முடியாது" என்றார் கஸ்தூரிரங்கன். "நான் உன் ஹஸ்பெண்டைக் கேட்டேன். 'அவ வந்துருவா, போலாம்'னு அவர்தான் சொன்னார்."

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

அவள் குரல் இறங்கியது. "சாவியக் குடுங்க."

"ஸ்னோல நீ எப்படி டிரைவ் பண்ணுவ? நா வர்றேன்."

"வேண்டாமுங்க. சாவி."

கொடுத்துவிட்டான். பசுபதி என்ற இளைஞர் மட்டும் இறங்கி, ஆன்ட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைக்க உதவினார். "நிக்கலாம்னு நா சொன்னேங்க" என்று முணுமுணுத்தார்.

"சொன்னீங்க. ஆனா நிக்கலியே" என்றாள். சாப்பாட்டுப் பையையும் முன் சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பசியோடு நின்ற அத்தனை பேரும் கண்ணாடியில் சிறிதாகிப் போனார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் போட்ட பிறகு ஆன்ட்டியும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். பசி அப்படி. வேனில் வந்திறங்கிய நஞ்சுண்டன் எதிரே நின்றான்.

"நீ ஸ்ட்ராங்கானவ, சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றான்.

"விழுந்தது நானா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பீங்க."

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையாட்டினாள். ஆனால் கோபம் போகவில்லை. அது வசந்தகாலம் வரை அவர்கள் வீட்டில் இருந்தது. சாப்பாடு பரிமாறும்போதும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து கஸ்தூரிரங்கன் போன் செய்தார். ஆன்ட்டியின் நலம் கேட்கவில்லை. "விஷயத்தைப் பெருசு பண்ணாதே, க்ரூப்புக்குக் கெட்ட பேர்" என்றார்.

"நீங்க விட்டுட்டுப் போனீங்க. நா அதத்தான் சொல்றேன். எல்லாருகிட்டயும் சொல்லுவேன்" என்று ரிசீவரை வைத்தாள்.

சொன்னாள். கடையில் கறிவேப்பிலை பொறுக்கும்போதும், கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதும், யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிலர், "பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது" என்றார்கள். நஞ்சுண்டனே ஒருநாள், "போதும், விடேன்" என்றான். அவள் விடவில்லை. ஆன்ட்டியின் மகனும் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தான். அடுத்த குளிர்காலத்தில் அவர் மறுபடி குன்று ஏற அழைத்தபோது யாரும் பெயர் கொடுக்கவில்லை.

அந்த மார்ச்சில் வசந்தாமணி அதே குன்றுக்கு ஆள் கூட்டிப் போனாள். பனி இன்னும் கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் புஷ்பவல்லி என்ற முழங்கால் வலிக்காரியை நடக்கவிட்டாள். மற்றவர்கள் அவள் வேகத்துக்கு நடந்தார்கள். நஞ்சுண்டனும் வந்தான். உச்சியை எட்டும் முன்பே வெளிச்சம் குறைய, திரும்பலாம் என்றாள் வசந்தாமணி. யாரும் மறுக்கவில்லை. கஸ்தூரிரங்கனை அவள் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிட்டதில்லை.