படிக்கு அடியில் ஒரு விளக்கு

பேரனின் காரில் கதவைத் திறந்தால் தரையில் வட்டமாக வெளிச்சம் விழுகிறது. இறங்குகிறவருக்குக் கால் வைக்கும் இடம் தெரிவதற்காகவாம். கார் கிளம்புமுன் நான்கு கதவுகளையும் திறந்து, நான்கும் எரிகிறதா என்று நான் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் திண்டிவனம் போய்ச் சேரும்வரை மனம் ஒரு நிலையில் இருக்காது. "நேத்துதான பாத்தீங்க தாத்தா" என்பான் பேரன். நேற்று எரிந்தது இன்றும் எரியும் என்று யார் சொன்னது?

யுத்த காலத்தில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அப்பா விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸுக்கு டிரைவர். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். விமானக் குண்டுக்குப் பயந்து முகப்பு விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். அந்த பஸ்ஸில் மொத்தம் ஐந்து விளக்குகள். ஆறாவதை அப்பாதான் முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஏறும் படிக்கு அடியில் தரையைப் பார்த்தபடி பொருத்தினார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும்.

காரணம் அம்மா. தங்கை அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். பொழுது சாய்ந்தால் அம்மாவுக்குக் கண் தெரியாது, மாலைக்கண். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அந்தியில் திரும்பியவள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி இருக்கும் இடம் தெரியாமல் காலை வைத்து விழுந்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை விழுந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஆட்டு ஈரல் சாப்பிட்டால் பார்வை திரும்பும் என்றும் சொன்னார்.

தினமும் அந்தியில், ஷெட்டுக்குப் போகும் வழியில் அப்பா பஸ்ஸை எங்கள் வீட்டெதிரே நிறுத்துவார். அம்மா வந்து பஸ்ஸின் கதவுக்கு நேராக நிற்பாள். அப்பா இருக்கையில் இருந்தபடியே சுவிட்சைப் போடுவார்.

"எரியுதா பாரு."

"எரியுதுங்க."

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுதுங்க."

கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்காது. "கலெக்டரு காருக்குக்கூட இம்மாஞ் செக்கிங் கெடையாதுண்ணே. அண்ணிய இன்ஸ்பெக்டரா போட்டுடலாம்."

"அவ பாஸ் பண்ணாதான்டா வண்டி ஷெட்டுக்குப் போவும்" என்பார் அப்பா. அம்மா உண்மையிலேயே பஸ்ஸுக்கு அதிகாரி என்று நான் நம்பியிருந்தேன்.

ஒருநாள் அம்மா வழக்கம்போல "எரியுதுங்க" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். படிக்கு அடியில் இருட்டாக இருந்தது.

"ஐயே, எரியவே இல்லியே! பல்ப்பு போயிடுச்சு" என்று கைதட்டிச் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா இறங்கி வந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி, "எத்தினி?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஈரலத் துன்றியா இல்லியா?"

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. "அம்மா எனக்குத்தாம்பா குடுக்கும். நேத்து அஞ்சு துண்டு" என்றேன்.

"புள்ள ஆசையாக் கேக்குதுங்க" என்றாள் அம்மா, மிக மெல்ல. "நீங்க வேற தெனம் கவலப்பட்டுக்கினு இருக்கீங்க. அதான் தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

மறுநாளிலிருந்து அப்பா எதிரே உட்கார்ந்து, கடைசித் துண்டு வரைக்கும் அம்மாவைச் சாப்பிட வைத்தார். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் ஒரு பிடி எனக்குக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். அப்பா கெட்டவராகிவிட்டார் என்று வளவனூர் அத்தை வந்தபோது அழுதுகொண்டே புகார் சொன்னேன்.

புது பல்ப்பு போட்டாயிற்று. விளக்குப் பார்ப்பதும் நிற்கவில்லை. பிரசவத்துக்கு அம்மா திண்டிவனம் கிளம்ப வேண்டிய வாரம் அது. அன்று அந்தியிலும் அப்பா, "எரியுதா?" என்றார்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள்.

"எரியலீங்க. படிதான் தெரியுது, வெளிச்சத்தக் காணோம். இன்னா, மறுபடியும் பல்ப்பு போயிடுச்சா?"

அப்பா ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாஸுண்ணே!" என்றார்.

நான் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன்.

"நீ சுவிட்சே போடலியேப்பா."

"ஆமாண்டா கண்ணு, மறந்துட்டேன்" என்றார் அப்பா.

சுவிட்சைப் போட மறந்துவிடுகிற ஒரு டிரைவரை நம்பி இத்தனை பேர் திண்டிவனம் போய்வருகிறார்களே என்று அன்றைக்கு எனக்கு ஒரே கவலையாக இருந்தது.