சிவப்பில் எழுதிய தேதி

ஊரில் பாதிக் கடைகளின் போர்டு அவர் எழுதியதுதான். எல்லாரும் அவரை ஆர்டிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். எழுத்துப்பிழை அவர் கையில் வராது. ஆனால் எழுதுவது என்னவென்று யோசிக்கிற பழக்கமும் கிடையாது. "பல் டாக்டருக்கு போர்டு எழுதினா எனக்குப் பல் வலிக்கணுமா?" என்பார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது, தீர்க்கதரிசனக் கூட்டம் நடத்தும் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியார் தேடி வந்தார். பன்னிரண்டு அடித் துணியில் உலகத்தின் கடைசிக் காலத்தை வரைந்து தர வேண்டும் என்றார். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், நாலு நிறக் குதிரை, ஏழு தலை மிருகம். வலது ஓரத்தில், வேதத்தின் எண்களைக் கூட்டிக் கழித்து அவர் கண்டுபிடித்த நாள்: ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு வியாழக்கிழமை. அதை மட்டும் சிவப்பில் எழுத வேண்டுமாம்.

கடையில் அவ்வளவு நீளச் சுவர் இல்லை. ஆர்டிஸ்ட் வீட்டு முன்னறையில் ஆணியடித்து மாட்டி, மூன்று வாரம் வரைந்தார். மனைவி துணி மடித்ததும் காய் நறுக்கியதும் அந்த மிருகத்தின் முன்னால்தான்.

துணியைச் சுருட்டிக் கொடுத்த வாரம் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவள் மாட்டேன் என்றாள்.

"உலகத்துக்கு இருக்கிறதே நாலு மாசம். எதுக்குங்க உடம்பை அறுத்துக்கிட்டு?"

"அந்தத் தேதியை எழுதினது நான்டி!"

"கை உங்களோடது. விஷயம் வேதத்துல இருக்கிறதுதானே?"

பிரசங்கியார் கொடுத்த துண்டுச்சீட்டுகளைப் பார்த்து வரைந்தாரே தவிர, முத்திரையும் மிருகமும் வருகிற, வேதத்தின் கடைசிப் புத்தகத்தை ஆர்டிஸ்ட் ஒருநாளும் படித்ததில்லை. ஒரு மாதம் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அவளுடைய வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

முதலில் குதிரை வரவில்லை, கடிதம் வந்தது. விசுவாசத்துக்காகத் தீவில் அடைபட்டுக் கிடந்த ஒருவர் ஏழு சபைகளுக்கு எழுதியது. ஒரு சபை ஏழை, ஒன்று பெருமைக்காரச் சபை, இன்னொன்றுக்கு ஆரம்பத்தில் இருந்த அன்பு ஆறிப்போயிருந்தது.

"நம்ம சபையைப் பத்தி யாரோ கோள் சொன்ன மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள்.

மிருகம் வந்த இடத்தில் அவர் நிறுத்தினார். "இவங்களைக் கொன்னுட்டிருந்த ராஜ்யத்தைத்தான் இப்படி எழுதியிருக்காங்க போல. பேரைச் சொன்னா தலை போயிடும் இல்ல?"

"நாமளும் என் வியாதிக்குப் பேர் சொல்றதில்லையே. 'அது'ன்னுதானே சொல்றோம்."

ஐந்தாம் நாள் கடைசிப் பக்கங்களுக்கு வந்தார்கள். கடவுளே கண்ணீரைத் துடைக்கிறார், சாவு இல்லை, ஆற்றோரம் ஒரு மரம், அதன் இலைகள் ஜனங்கள் குணமாவதற்காக.

"அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் புதுசாக்கின பிறகும் குணமாக்குறதை அவர் விடலையே. தேதி எங்கேயாவது வந்துச்சா?"

"ஒரு எழுத்துகூட வரலை."

"சரி. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் ஆர்டிஸ்ட் பிரசங்கியாரிடம் போனார். "ஐயா, அந்தத் தேதியை மட்டும் அழிச்சுத் தந்துடறேன்."

"எழுதுறது உம்ம வேலை. விளக்கம் சொல்றது என் வேலை."

"நான் எழுதினதை நம்பி என் வீட்டுக்காரி சாகத் தயாராயிட்டா, ஐயா."

பிரசங்கியார் துணியைக் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தாமதத்தில் கட்டி அக்குள் வரை பரவியிருந்ததை டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆர்டிஸ்ட் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, அந்தத் தேதியை எழுதிய வலது கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை அவள் வார்டில், கையில் மருந்துக் குழாயோடு இருந்தாள். வெளியே பஸ் ஓடியது. நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றினாள். பொழுது சாய்ந்தது.

சனிக்கிழமை பிரசங்கியார் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"கணக்குல எங்கேயோ தப்பு பண்ணிட்டேம்மா."

"கணக்குப் போடச் சொன்னது யாருங்கய்யா?" என்றாள் அவள். பிறகு, "உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கக் காத்திருந்த ஆர்டிஸ்ட், ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

அவள் இன்னும் மூன்று வருஷம் இருந்தாள். மருந்து ஏற்றப் போகிற நாட்களில் அவரை அந்தக் கடைசிப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பயந்தவர்களிடம், "இது பயப்படாம இருக்கிறதுக்கு எழுதினது. முழுசா கேளுங்க" என்பாள்.

அவளை அடக்கம் செய்த அன்று, வேறு யாரையும் படிக்க விடாமல் அந்தக் கடைசிப் பக்கங்களை அவரே படித்தார். கண்ணீரைத் துடைக்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மீதியையும் படித்து முடித்தார்.