சீப்பும் கிழங்குக் கூடையும்

ஒருமுறை பூமியோடு பலம் பார்த்தவள் நான். ஜப்பான்காரன் ஆண்ட யுத்த காலம். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டிருந்தோம். அப்பாவுக்கு விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். கிழங்கு கொண்டுபோனால் டவுனில் ஒரு கடைக்காரர் கொயினா மாத்திரை தருவார். சுமக்க அம்மாதான் உண்டு. அவள் தோளிலோ பழுத்த கட்டி.

புறப்படுவதற்கு முந்திய நாள், எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்த மாமா வித்தை காட்டினார். தம் சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்து, இலவம்பஞ்சுத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். அவை துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன.

“இம்மாம் பெரிய பூமி கீழ இழுக்குது. இத்துணூண்டு சீப்பு மேல இழுக்குது. யாரு ஜெயிச்சா, சொல்லு?”

“சீப்பு.”

“அவ்ளோதான் லா.”

பஞ்சைத் தூக்குவது கிழங்கைத் தூக்காதா? இன்னும் நிறையத் தேய்த்தால் போயிற்று. எண்ணெய் கிடைக்காத காலம், என் தலை பரட்டையாகக் கிடந்தது, அதுவும் வசதியாயிற்று.

மறுநாள் காலை, பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் கிழங்குக் கூடைகளை மாட்டிக்கொண்டு அம்மா நடந்தாள். மாமா விட்டுப்போன சீப்போடு நான் பின்கூடையை ஒட்டி நடந்தேன். வலக்கையால் தேய்ப்பேன், கூடைக்கு மேலே பிடிப்பேன், மறுபடி தேய்ப்பேன். உச்சந்தலை எரிந்தது. விடவில்லை. கூடை ஆடி விலகாதிருக்க இடக்கையை அதன் அடியில் கொடுத்திருந்தேன்.

பாலம் தாண்டியதும் பின்கூடை எழும்பியது. முன்கூடை தாழ்ந்தது.

“பின்னால தூக்காதடி, முன்னுக்குச் சாயுது.”

“நான் தூக்கலம்மா. சீப்பு தூக்குது.”

அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். கம்பைத் தோளில் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, சரிசெய்துகொண்டாள்.

“அப்படின்னா உன் சீப்ப விட்டுறாத,” என்றாள்.

டவுன்வரை விடவில்லை. மாத்திரை கிடைத்தது. நான்கைந்து நாளில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். பூமியை ஜெயித்தவள் என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிற்பாடு பள்ளியில் படித்த என் மகள் விளக்கினாள். மின்சாரத்தின் இழுப்பு, பூமியின் இழுப்பைவிட எத்தனையோ மடங்கு பெரியதுதானாம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. கிழங்குக்குள் இரண்டும் சமமாக இருந்து ஒன்றையொன்று அடக்கிவிடும். பூமியின் இழுப்புக்கு எதிர்வகை கிடையாது. சேரச் சேரக் கூடிக்கொண்டே போகும். அதனால் கூடை சீப்புக்கு மசியாதாம்.

இருக்கலாம். அன்று வீடு திரும்பியபோது எனக்கு விளங்காதது வேறு. தேய்த்ததெல்லாம் வலக்கை. சோற்றுக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் வலித்ததோ இடக்கை.