மாடசாமி புல் வளர்த்தது

தம்பி மாடசாமிக்குத் துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை கிடைத்ததைப் பெரியாயி தொழிலாளர் லயத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் தண்ணீர்ப் பீலியடியில் நின்று சொன்னாள்.

"எந்தம்பி இனிமே விடியக்காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டான். தொரையே நேரா கூப்புட்டு வேல குடுத்திருக்காரு."

தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிடவில்லை, ஆட்களை மேய்க்கிற கங்காணிதான் அனுப்பினார். இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாடசாமியைப் போலப் புல் பிடுங்குகிறவன் வேறு யாரும் இல்லை. தேயிலைக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டினாலும் கங்காணி அரைநாள் சம்பளத்தை வெட்டிவிடுகிற காலம் அது. மாடசாமி முடித்த நிரையில் மட்டும் அவர் குனிந்து குனிந்து தேடிக் களைத்துப்போவார். "புல்லப் பத்தி இவனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லித்தான் அவனைப் பங்களாவுக்கு அனுப்பினார். அங்கே புல்லைப் பிடுங்க வேண்டாம், வளர்க்க வேண்டும் என்பதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை.

தை மாதம் துரை மகளுக்குக் கல்யாணம். பங்களா முற்றம் முழுவதும் பச்சைப் புல்லாக இருக்க வேண்டும், வருகிறவர்கள் அதன்மேல் நின்று தேநீர் குடிக்க வேண்டும் என்று துரை மனைவி துரைசாணிக்கு ஆசை. பண்டாரவளையிலிருந்து சாக்குச் சாக்காகப் புல் வந்தது. மாடசாமி மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டான். ஐப்பசி மழையும் கைகொடுத்தது.

கைகொடுக்காதது ரோவர். அது துரைசாணியின் நாய், காது மடங்கிய இளங்குட்டி. மாடசாமி முன்னால் நட்டுக்கொண்டே போவான், ரோவர் பின்னால் தோண்டிக்கொண்டே வரும். இத்தனை கவனமாக ஒருவன் மண்ணுக்குள் எதையோ புதைக்கிறான் என்றால் அது எலும்பாகத்தான் இருக்கும் என்று அது முடிவு கட்டியிருந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறுக் குச்சிகள் கொண்டுவந்து வேலி போட்டான். ரோவர் அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி, சமையல்கட்டு வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

கடைசியில் பகலில் அதைச் சங்கிலியில் கட்டினார்கள். புல் பிடித்து, துளிர்த்து, பச்சை கண்டது. ஆனால் கொய்யா மரத்தடியில் மட்டும் பாய் அளவுக்கு ஒரு சொட்டை விழுந்தது. மறுபடி நட்டால் மறுபடியும் சொட்டை.

"ராவுல அவுத்து விடுறீங்கல்ல, அப்ப வந்து பிச்சுப் போடுது துரைசாணி" என்றான் மாடசாமி. அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

துரைசாணி முகம் வாடிவிட்டது. "சரி மாடசாமி. திங்கக்கெழம ரோவர தூரத்துல கொஸ்லந்தைக்கு அனுப்புறது. ஆனா அதுக்குப் பொறகும் புல்லு வரல்லேன்னா, நீ பழையபடி மலைக்குப் புல்லு புடுங்கப் போறது. எனக்கு வேற ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பெரியாயி தம்பியைப் பார்க்க ரொட்டி கொண்டுவந்தாள். பங்களா வேலைக்காரனின் அக்கா என்பதால் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். மாடசாமி வழக்கம்போலக் கொய்யா மரத்தடியில் குந்தி உட்கார்ந்து புல்லுக்குக் காவல் இருந்தான். எதிரே வராந்தாவில் ரோவர் சங்கிலியோடு படுத்து, இருவரையும் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்த்தது.

அக்காவும் பக்கத்தில் குந்தினாள். பேச்சு வீட்டுக் கூரை ஒழுகுவதில் தொடங்கி, மாடசாமியின் மனைவி அங்கம்மா புளிபோட்டுக் கெடுத்த குழம்பு வரைக்கும் போனது. அப்போதுதான் பெரியாயியின் கண் தம்பியின் கைமேல் விழுந்தது. வாய் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வலது கை தன்பாட்டில் புல்லை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தது.

"அடப் பாவி! என்னடா பண்ற?"

மாடசாமி கையைப் பார்த்தான். அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான். பிறகு அக்காவின் மடியைப் பார்த்தான்.

"நீ மட்டும் என்னக்கா பண்ற?"

பெரியாயியின் மடியில் அவனுடையதைவிடப் பெரிய குவியல் இருந்தது. வேர்கூட அறுபடவில்லை. அவளும் மலையில் புல் பிடுங்கி வளர்ந்தவள்தானே.

அவள் வராந்தாப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"வாய மூடிக்கிட்டு இரு" என்று அவள் மெல்லச் சொன்னாள். "நாய்தான் நாளைக்குப் போகுதுல்ல. போகட்டும். நீ மலைக்குத் திரும்பி வந்தா நான் லயத்துல எப்படித் தலகாட்டுறது?"

"நாய் போயிட்டா, அதுக்கப்புறம் விழுற சொட்டைக்கு யாரக்கா கைகாட்டுறது?"

அவன் புல் குவியலைத் துண்டில் அள்ளிக்கொண்டு வராந்தாவை நோக்கி நடந்தான். பெரியாயி தன் மடியில் இருந்ததைச் செடிக்குப் பின்னால் உதறிவிட்டு, எட்ட நின்றாள்.

"துரைசாணி, நாய் இல்லீங்க. நாந்தாங்க."

துரைசாணிக்கு முதலில் விளங்கவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து செய்து காட்டியதும் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய், துரையையும் கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள்.

"அப்ப நாயக் கட்டுறது இல்ல, ஒன் கையத்தான் கட்டணும்" என்றார் துரை.

மாடசாமி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோவரின் சங்கிலியை அவிழ்த்து, அதை மரத்தடிக்கு இழுத்துவந்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பிடித்திருந்ததால் நாயால் தோண்ட முடியவில்லை. நாயைப் பிடித்திருந்ததால் அவனால் பிடுங்க முடியவில்லை. அன்று முதல் காவல் அப்படித்தான் நடந்தது. கொஸ்லந்தைக்கு யாரும் போகவில்லை. தை பிறக்கும்போது கொய்யா மரத்தடியும் பச்சையாகிவிட்டது.

அக்கா மனம் இப்போதுதான் நிறைந்தது. "பங்களாவுல எந்தம்பிக்கு ஒதவியா இன்னொரு ஆளும் போட்டுட்டாங்க" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த ஆளுக்கு வால் இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.