மாமனாருக்கு இரண்டு பெயர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இடம் கோலார் தங்கவயல், பாலகாட் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் எங்கள் லைன் வீடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைதான் கையில் அகப்படுவாள். "அத்தே, கதைய வுட்டு வெளிய போவாதீங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாள். பார்க்கலாம்.

காலமான என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்குப் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தேன், அறுபத்தெட்டு வயதிலும் அவள் எனக்குப் பாப்பாதான். நர்ஸ் படித்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பாஸ்போர்ட். பிள்ளை இல்லை. புருஷனும் போய்விட்டார், வேலையிலிருந்தும் ஓய்வு வந்துவிட்டது. இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு ஒரு நாள் வந்து இறங்கினாள். "இனிமே உன்கூடத்தான் அண்ணி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மட்டும் நாலு தடவை டீ போட்டேன். அவள் பால் இல்லாமல் குடிக்கிறவள் என்பதே மூன்றாவது டீயில்தான் ஞாபகம் வந்தது.

சந்தோஷம் பத்து நாள்தான். அதற்குப் பிறகு காகிதம்.

அவள் ஓடியாடி வளர்ந்த வீடு இது. ஆனால் கணக்குப்படி அவள் வெளிநாட்டுக்காரி. 'எங்கள் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார்' என்று நான் கைநாட்டு வைத்துத் தெரிவிக்க வேண்டுமாம். வைத்தேன். வந்த விசாவில் ஆறு மாதம்தான் இருக்கலாம். நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கிற கார்டு வாங்க வேண்டும். அதற்குத் தனி போட்டோ. சதுரமாக இருக்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்கக்கூடாது. ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பின்னால் வெள்ளைச் சுவர்தான். கடைசியில் என் இளநீலப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தார்கள். அதையும் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், காது தெரியவில்லையாம்.

வரி வேறு. அவள் பென்ஷனுக்கு அங்கே வரி பிடிக்கிறார்கள். இங்கே பாதி வருஷத்துக்கு மேல் இருந்தால் இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பிடிக்காமல் இருக்க, இவள் இங்கேதான் குடியிருக்கிறாள் என்று நம் வரி ஆபீஸ் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். அது வேண்டுமானால் முதலில் இங்கே குடியிருக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். "அது வந்தாத்தான் இது, இது வந்தாத்தான் அது" என்று பாப்பா விரலைச் சுற்றிக் காட்டுவாள். எனக்குத் தலை சுற்றும். கோலாருக்கு பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பி வருவதே எங்கள் இரண்டு பேருக்கும் வேலையாகப் போனது. எனக்கு முழங்கால், அவளுக்கு இடுப்பு. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அந்தக் கார்டுக்கு, அவள் ஒரு காலத்தில் இந்தியாவைச் சேர்ந்தவள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட் வீடு மாறும்போது எங்கோ தொலைந்துவிட்டது. பிறந்த சான்றிதழ்தான் வழி. அவள் பிறந்தது சுரங்க ஆஸ்பத்திரியில். அந்தப் பதிவின் நகல் ஒரு மாதம் அலைந்து கிடைத்தது. வாங்கிப் பார்த்தவள் இரண்டு தடவை படித்தாள். அப்பா பெயர் என்கிற இடத்தில் என் மாமனாரின் பெயர் இல்லை. வேறு ஒரு ஆள் பெயர்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மாமனாரின் சித்தப்பா மகன் ஒருத்தர், வடாற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் ஆட்களை இறக்கும் கேஜில் நின்று கீழே போனதும் பயந்து ஜுரம் வந்து, இரண்டாம் நாள் ஊருக்கு ஓடிவிட்டார். அவர் பேரில் கொடுத்த நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் இறங்கியவர் என் மாமனார். அப்போதெல்லாம் மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அப்புறம் சாகும்வரை வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெயர், வீட்டிலும் சர்ச்சிலும் சொந்தப் பெயர். இப்படி லைனுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரி சுரங்கத்துடையது என்பதால் டோக்கன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். பாப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழிலும், இங்கிலாந்தில் கொடுத்த காகிதங்களிலும் அப்பாவின் சொந்தப் பெயர்.

ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறவர் ஒரு வழி சொன்னார். "ஆஸ்பத்திரி கிளார்க் தப்பா எழுதிட்டாருன்னு அஃபிடவிட் குடுத்துடுங்க. அவரு இப்ப வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?" பாப்பா தயங்கினாள். விசாவில் இரண்டு மாதம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்கும் வீட்டில் பாடம் நடந்தது.

"அண்ணி, விசாரணைக்கு வருவாங்க. கேட்டா கிளார்க் தப்புன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசக்கூடாது."

"நான் இன்னா சின்னக் கொழந்தயா?"

"கொழந்தன்னா பயமே இல்லியே."

கோலாரிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். களைத்துப்போன முகம். கேட்டார், நானும் "ஆமாம்மா, கிளார்க் தப்பு" என்றேன். எழுதிக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. பாப்பா காபி கலக்க உள்ளே போனாள். அந்த அம்மா சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து, "இது யாரு அஜ்ஜி? மீசை ஜோரா இருக்கே" என்றார். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி.

மாமனாரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டு எத்தனை வருஷமாகிவிட்டது! வாய் தானாகத் திறந்துகொண்டது. அவர் எனக்கு முதல் பிரசவத்தில் கறிக்குழம்பு வைத்துக் கொடுத்தது, ஒரு தடவை பாறை வெடித்து மண் மூடியபோது இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது, எல்லாம் சொன்னேன். அந்தப் பெருமையிலேயே, "அது கூட அவரு பேருல இல்லம்மா. முப்பது வருஷம் இன்னொருத்தன் டோக்கன்ல எறங்கினாரு, ஒரு ஷிப்ட் தவறல" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவின் பேனா நின்றது. காபியோடு வந்த பாப்பாவும் வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்ப கிளார்க் தப்பு இல்லியா அஜ்ஜி?"

நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா காபியை அவர் முன்னால் வைத்தாள். அந்த அம்மா காபியைக் குடிக்காமலேயே எழுந்தார். அஃபிடவிட்டில் பொய் இருந்தால் ஃபைலை மேலே அனுப்ப முடியாது, அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்து பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா அண்ணி, உன் வாய்க்குப் பூட்டே கெடையாதா? எங்க அப்பாவ நீயே ஃபிராடு ஆக்கிட்டியே!" அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு வாரம் பேச்சில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து ஒவ்வொரு துணியாக அடுக்கினாள். விசா முடிய மூன்று வாரம். அங்கே அவளுக்கு வீடும் இல்லை, வாசலில் வந்து நிற்க ஆளும் இல்லை. என் வாயால் அவளை நானே அனுப்புகிறேன் என்பதே ராப்பகலாக மனதில் ஓடியது.

கோலாருக்கு பஸ் ஏறிய அன்று நான் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டேன். பாப்பாவிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மேஜை முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அம்மா, எனக்கு வயசாயிப்போச்சு, புத்தி தடுமாறுது. நேத்து நடந்தது மறந்துபோவுது, நடக்காதது நடந்த மாரி தோணுது. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு நான் சொன்னது எதையும் எழுதிக்காதீங்க. கிழவி ஒளறல்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு பாப்பாவிடம் திரும்பி, "அப்படித்தானா மேடம்? இவங்களுக்கு ஞாபகம் சரியில்லைன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். எழுதத் தயாராகத்தான் பேனாவை எடுத்தார். பாப்பா தலையை ஆட்டினால் போதும், அன்றைக்கே முடிந்துவிடும்.

பாப்பா என் கையைப் பிடித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அப்போதுதான் தொட்டாள்.

"இல்ல மேடம். எங்க அண்ணிக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் எழுதிக் குடுத்ததுதான் பொய். அதுக்கு என்னா பண்ணணுமோ பண்ணுங்க. இவங்கள பைத்தியம்னு மட்டும் எழுதாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், கிளார்க் தப்புன்னு இன்னிக்கு நான் எழுதிடுவேன். நாளைக்கு வேற யாராவது கிளறினா? ஒரே ஆளுக்கு ரெண்டு பேருன்னா, அதுக்கு வேற அஃபிடவிட் இருக்கு, தினம் பத்துப் பேரு குடுக்கறாங்க. இதை முதல்லியே சொல்லியிருக்கலாமே?" என்றார். பழைய அஃபிடவிட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவு, அப்பாவின் சொந்தப் பெயரோடு. அவரோடு சுரங்கத்தில் வேலை செய்தவர் யாராவது ஒருவர், நேரில். அவ்வளவுதான் கேட்டார்.

சர்ச் பதிவு இரண்டு நாளில் கிடைத்தது. அதே பிறந்த தேதி, அதே அம்மா பெயர், அதே லைன் நம்பர். சாட்சிக்கு எங்கள் லைனில் நாலாவது வீட்டுப் பெரியவர் ஒருத்தர்தான் மிச்சம். எண்பத்து நாலு வயது, சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போனவர். போய்க் கேட்டேன். "அய்யோ, எங்க வூட்டு ரகசியமும் வெளிய வந்துடும்மா, ஆள வுடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சோர்ந்துபோய்த் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறார்.

"இன்னா மாமா, மனசு மாறிட்டீங்களா?"

"மனசு இல்லம்மா, நெஞ்சு. தெனம் பாப்பாதான் வந்து மூச்சு பாக்குது, மருந்து குடுக்குது. அது லண்டன் போயிட்டா நான் எங்க போவேன்? வண்டியக் கூப்புடு."

அதிகாரி அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "உங்க பேரு தாத்தா?" என்று கேட்டார்.

பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "எந்தப் பேரும்மா வேணும்? வீட்டுப் பேரா, டோக்கன் பேரா?"

அந்த அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கோபமோ என்று பயந்தேன். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தாத்தா, ஆதார்ல இருக்கிறத மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணை நான் கேக்கவே இல்ல" என்றார். அந்தக் களைத்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். பெரியவர் கையெழுத்துப் போட்டார், நான் கைநாட்டு வைத்தேன்.

கார்டு வரும்வரை தங்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் கார்டும் வந்தது. வரி ஆபீஸ் காகிதம் இன்னும் முடிந்தபாடில்லை. இந்தக் கையெழுத்து சரியில்லை, அந்த முத்திரை பழசு என்கிறார்கள். போதாததற்கு, பாப்பா உயிரோடு இருக்கிறாள் என்று எழுதி அனுப்பச் சொல்லி இங்கிலாந்திலிருந்து வேறு ஒரு ஃபாரம் வருகிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்களுக்குக் கோலார் உண்டு. வரிசையில் நிற்கும்போது இரண்டு பேருக்கும் அலுத்துப் போகிறது. சில நாள் சண்டைகூட வருகிறது.

ஆனால் அந்த மேஜை முன்னால் அவள் சும்மா ஒரு தலை ஆட்டியிருந்தால் போதும், இருக்க இடம் கிடைத்திருக்கும். அந்த இடத்தைவிட என்னைப் பைத்தியம் என்று யாரும் எழுதிவிடக்கூடாது என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதற்கு ஈடாக என்னால் எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்துதான், முழங்கால் எவ்வளவு வலித்தாலும் அவளுடைய ஒவ்வொரு காகிதத்துக்கும் கூடவே பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.