அழித்து எழுதிய பதினேழு படிவங்கள்

பள்ளி அலுவலகத்தில் அந்த அம்மாவின் பதவி எழுத்தர். பிள்ளைகள் வைத்த பெயர் பென்சில் மேடம். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். தலைமையாசிரியர்கள் நாலு பேர் வந்து போய்விட்டார்கள். மேடம் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள், பொதுத்தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று படிவம் எழுதித் தர வேண்டும். கட்டாயப் பாடங்கள் போக மூன்று பாடம் அவர்கள் இஷ்டம். இஷ்டம் என்று பெயர்தான். அப்பாவின் இஷ்டம், சித்தப்பாவின் இஷ்டம், பக்கத்து பெஞ்சு சிநேகிதியின் இஷ்டம் எல்லாம் போக மிச்சம் மீதி இருந்தால் அது பிள்ளையின் இஷ்டம். வேறு யாராவது அந்த மேசையில் இருந்திருந்தால் படிவத்தை வாங்கி, முத்திரை குத்தி, நூல் போட்டுக் கட்டிவைத்திருப்பார்கள். இந்த அம்மாவுக்கு அது போதாது. முதலில் பென்சிலில் எழுது, பத்து நாள் யோசி, அப்புறம் பேனாவில் எழுது என்பார். படிவத்தின் பின்பக்கம் ஒரு கேள்வி வேறு: யாரும் சொல்லாமல் போன வாரம் நீயாக என்ன செய்தாய்? பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் அழகாகப் பொய் சொல்லும், போன வாரத்தைப் பற்றி அவ்வளவு சுலபமாகப் பொய் வராது என்பது அவர் கட்சி. "தூங்கினேன்" என்று ஒரு பயல் எழுதிக்கொடுத்தான். அவனையும் விரட்டவில்லை. "சரி, முழிச்சிருந்த நேரத்துல?" என்று கேட்டு எதிரே உட்காரவைத்துவிட்டார்.

அந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். பென்சிலில் எழுதியதைப் பார்த்துத்தான் மேடம் பாடங்களை மூன்று வரிசையாகப் பிரிப்பார். ஒரே வரிசையில் உள்ள பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் வரிசைக்கு ஒன்றுதான் எடுக்க முடியும். எந்தப் பிள்ளையின் இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதாமல் வரிசை போடுவதற்குள் வருடா வருடம் தலையைப் பிய்த்துக்கொள்வார். இந்தத் தடவை ஒரு மோதல்கூட இல்லை. போன வருட வரிசையே அச்சு அசலாகப் பொருந்தியது. தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் மதியத்துக்குள் பட்டியல் தேர்வு அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், சந்தோஷப்பட்டுவிட்டார்.

அன்று காலையில்தான் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேனாவில் எழுதத் தொடங்கினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் முறை வந்தது. தொழில்நுட்ப வரைபடம், புவியியல், மனையியல் என்று எழுதியிருந்தாள். பின்பக்கம் இப்படி இருந்தது: "அப்பா கூட லிஃப்ட் ரூமுக்குப் போனேன். பெட்டி மேலே போகும்போது ஒரு எடை கீழே வருகிறது. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று படம் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது படம் சரியாக வந்தது."

மேடம் படிவத்தைத் திருப்பினார். இப்படி எழுதுகிறவளுக்கு இயற்பியல் எங்கே போயிற்று? ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தார். மனையியலுக்கு அடியில், அழுத்தி எழுதி அதைவிட அழுத்தி அழித்த இயற்பியல் தெரிந்தது.

"இதை ஏம்மா அழிச்சே?"

"ஃபிசிக்ஸும் டிராயிங்கும் ஒரே வரிசைல இருக்கே மேடம். ஒண்ணுதானே எடுக்க முடியும்?"

"யார் சொன்னா?"

"போர்டுல ஒட்டியிருக்கே."

மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு மேடம் கிட்டத்தட்ட ஓடினார். போன வருட வரிசை. அவரே தட்டச்சு செய்து, அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டியது. புதுப் படிவம் கொடுப்பதற்கு முன்னால் கிழித்திருக்க வேண்டிய காகிதம். பிள்ளைகள் அதைப் பார்த்து, முடியாது என்று நினைத்ததை எல்லாம் சத்தமில்லாமல் அழித்திருக்கிறார்கள். ஆசையை முதலிலேயே வெட்டிவிட்டால் மோதல் எங்கிருந்து வரும்? நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பதினேழில் அழித்த தடம் இருந்தது.

"சார், பட்டியல் இப்படியே போகக் கூடாது. தப்பு நடந்திருக்கு. பண்ணினது நான்" என்றார் தலைமையாசிரியரிடம்.

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா? பிள்ளைங்களே மாத்தி எழுதிக்கிட்டாங்க. விடுங்க."

"அவங்க எங்க சார் மாத்தினாங்க? நான் ஒட்டின காகிதம் மாத்த வச்சிருச்சு."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. தலைவலி இல்லாமல் நாளை ஓட்ட நினைப்பவர், அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பன்னிரண்டு மணி. அதுக்கு மேல என்கிட்ட வந்து நிக்காதீங்க."

மூடி மறைக்க எத்தனையோ வழி இருந்தது. மேடம் பதினேழு பேரையும் நூலகத்துக்குக் கூப்பிட்டு, "பழைய காகிதத்தை எடுக்க மறந்தது நான்தான். உங்க மேல தப்பில்ல. எது வேணுமோ அதைத் திரும்ப எழுதுங்க" என்றார். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. ஆறு பேர் தாங்களாகத்தான் மனம் மாறினோம் என்றார்கள். பதினொரு பேர் பென்சிலை எடுத்தார்கள். பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மனுஷி துருப்பிடிக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டை மறந்து, துண்டுக் காகிதங்களை மேசை முழுக்கப் பரப்பி, வரிசைகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். பத்துப் பேருக்கு வழி பிறந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் மகளுக்கு மட்டும் பிறக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியடில் இயற்பியல் வைத்தால் ஒழிய அவளுக்கு இடமில்லை. இயற்பியல் ஆசிரியர் இரண்டு பஸ் மாறி வருகிறவர். திங்கட்கிழமை முதல் பீரியடைப் பல வருடமாக வகுப்பில்லாமல் கட்டிக்காத்து வருகிறவர். பள்ளி விட்டதும் மேடம் அவரை வாசலிலேயே மடக்கினார்.

"ஒரே ஒரு பொண்ணுக்காக நான் கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் பிடிக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

மேடம் வாதாடவில்லை. படிவத்தின் பின்பக்கத்தை நீட்டினார். ஆசிரியர் நின்றபடியே படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அந்த மூணாவது படம் எங்க?"

"அவகிட்டதான் இருக்கும்."

"வகுப்பு ஆரம்பிக்கிற திங்கட்கிழமை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. முதல் பீரியடுக்கு" என்று முறைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

பாடம் மாறியதால் பெற்றவர்கள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மறுநாள் பத்துப் படிவங்கள் வந்துசேர்ந்தன. பதினொன்றே காலுக்கு மகளோடு லிஃப்ட் மெக்கானிக் வந்தார், வேலையிலிருந்து நேராக. விரல் இடுக்கில் கிரீஸ். படிவத்தைத் தொடாமல் குனிந்து படித்தார்.

"ஃபிசிக்ஸ் ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே மேடம். இவ தேறிடுவாளா?"

மகள் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். தேறிடுவா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கடிகாரமும் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த மேசையில் மேடம் அப்படி ஒரு வாக்கு யாருக்கும் கொடுத்ததில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்க. முதல்ல இதைத்தான் எழுதினா. கிடைக்காதுன்னு நினைச்சு, யார்கிட்டயும் வாயைத் திறக்காம அழிச்சிட்டா. நேத்து யாரும் சொல்லிக்கொடுக்காம மறுபடி இதையே எழுதினா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "என்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

"முடியாததைக் கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்பா."

அவர் இரண்டு கைகளையும் சட்டையிலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டு, பேனாவைக் கேட்டார்.