கம்ப்யூட்டருக்குள் ஒரு சிம்

கம்ப்யூட்டருக்கு வாயும் காதும் வைத்துத் தருவது என் தொழில். அது பேசியதற்கெல்லாம் திட்டு வாங்குவதும் என் தொழில்தான்.

டேட்டா கார்டு வந்த புதிது. தீப்பெட்டியைவிடச் சின்ன சமாச்சாரம். அதற்குள் சிம்மைப் போட்டு கம்ப்யூட்டரில் செருகினால் இன்டர்நெட் வரும், எஸ்.எம்.எஸ். போகும், போனும் பேசலாம். அப்படித்தான் விளம்பரத்தில் போட்டிருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதை வீடு வீடாக மாட்டிவிட்டவன் நான். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற ஒரே மந்திரத்தை வைத்து வயிறு வளர்த்த சகாக்களே, இது உங்களுக்கு.

சிக்னல் கிடைத்த இடம்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் விசைப்படகு வைத்திருந்தவர் தேசப்பன். ஹாலில் கண்ணாடி மேஜை போட்டு, பட்டுத்துணி போர்த்தி கம்ப்யூட்டரை வைத்திருந்தார். சிக்னலுக்கு அந்த மரியாதையெல்லாம் புரியவில்லை. நீள ஒயரில் கார்டை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். எல்லாக் கோடும் எரிந்த ஒரே இடம் பாத்ரூம் வாசல். தேசப்பன் யோசிக்கவே இல்லை. மேஜையைத் தூக்கி அங்கேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது. பேசியவர் அவர் மனைவி. நெட் வேலை செய்யவில்லையா என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"நெட்டு சூப்பரா கீது தம்பி. மெயிலு டக்குனு உள்ள வருது. நாங்கதான் குளிச்சிட்டு வெளிய வர முடில."

எல்லோருக்கும் ஒரே பட்டன்

தண்டையார்பேட்டையில் ராஜமாணிக்கம் என்றொரு லாரி முதலாளி, திருநெல்வேலிக்காரர். டிரைவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனவர். கம்ப்யூட்டரிலிருந்து ஒரே தட்டில் எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். 'எல்லோருக்கும்' என்றால் நிஜமாகவே எல்லோருக்கும் என்று சொல்ல விட்டுப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் சரக்கு வரவில்லை. "வண்டியைத் திருப்பு. இன்னிக்கு லோடு வேண்டாம்" என்று அடித்து, பட்டனைத் தட்டிவிட்டார். அதே நேரம் அவர் மகள் சாந்தியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வேனில் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நம்பரும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. செய்தியைப் படித்தவர் சொன்னபடியே வண்டியைத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை சமாதானம் சொல்லியும் அவர் போனையே எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டைப் போயி லோடுன்னு சொல்ல வச்சுட்டியேடே!" என்று ராஜமாணிக்கம் அன்றைக்கே என்னை வரவழைத்து, தெருவே கேட்கும்படி கிழித்தார். பூவும் பட்டுப்புடவையுமாக சாந்தி உள்ளே உட்கார்ந்திருந்தாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நான் செருப்பை மாட்டும்போது கதவோரம் வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே. அந்த பட்டனை மட்டும் எடுத்துடாதீங்க."

கப்பலிலிருந்து வந்த குரல்

எர்ணாவூர் சரளாவின் புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவர் முகம் பார்த்து வருஷம் திரும்பப் போகிறது. கரை தொட்டால் கூப்பிடுவார் என்றுதான் அந்த கார்டையே வாங்கியிருந்தாள். ஹெட்போன் ஒயரைக் குழந்தை கடித்து வைத்திருந்தது. நானும் பெரிய மூளைக்காரனாக, பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் இரண்டையும் இணைத்துக் கொடுத்தேன். சரியாக அப்போதுதான் அழைப்பு வந்தது.

"சரளா, அடுத்த மாசம் எறங்கிடுவேன்!" என்று வீடே அதிர்ந்தது. சரளா அழுதுகொண்டே சிரித்தாள். புருஷன் குரல் மேலே பேசியது: "அம்மாகிட்ட தீபாவளிக்குத்தான்னு சொல்லிக்கீறேன். மொதல்ல உங்கம்மா வூட்ல பத்து நாளு இருந்துட்டு, அப்பாலிக்கா நம்ம வூட்டுக்கு வரலாம்."

அந்த அம்மா, அதாவது சரளாவின் மாமியார், பக்கத்திலேயே மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சரளாவின் முகம் வெளுத்தது. சத்தத்தைக் குறைக்கலாம் என்றால் மவுஸ் நகரவில்லை. கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி சமயம் பார்த்து உறைந்துவிட்டது. கார்டையே பிடுங்கினேன். அந்த அம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அழுத மருமகளின் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பத்து நாளு இன்னா, பதினஞ்சு நாளே இருந்துட்டு வரட்டும் நைனா. மிஷின மட்டும் என் கட்டிலாண்ட வச்சிட்டுப் போ."

இப்படி வடசென்னையில் பாதிப் பேரைப் பேச வைத்த எனக்கு, எங்கள் கம்பெனியின் கஸ்டமர் கேர் மட்டும் ஒருநாளும் லைனில் கிடைத்ததில்லை.